கைடுபுக் வாங்கலாமா, வாங்கி என்ன பண்றது? வாசகர் கேள்வி பதில்

வெளிநாட்டு டூர் பிளான் பண்றதைப் பத்திக் கேள்வி கேளுங்கன்னு சொன்னதுதான் தாமதம், வந்து குவிஞ்சிருச்சு, அதுல நிறைய பேர் கேட்டிருக்கிறது கைடுபுக்கைப் பத்தி. எது வாங்கணும், வாங்கணுமா, வாங்கினதை எப்படி யூஸ் பண்ணணும்னு. ஒரே மாதிரி கேள்விகளை ஒண்ணா சேர்த்து பதில் சொல்லியிருக்கேன்.

கேள்வி: போன்ல மேப் இருக்கு, ரிவ்யூ இருக்கு, வீடியோ இருக்கு. இதுக்கு மேல காசு குடுத்து ஒரு தடி புக்கை வாங்கித் தூக்கிட்டு அலையணுமா? என் பொண்ணு கேட்டுட்டு சிரிக்கிறா.

பதில்: தூக்கிட்டு அலைய வேண்டாம்மா, அதை அப்புறம் சொல்றேன். ஆனா வாங்கிப் படிங்க. போன்ல நீங்க எதைத் தேடுறீங்களோ அதுக்குத்தான் பதில் வரும். ரோம் போறீங்கன்னா கொலோசியம்னு தேடுவீங்க, வாட்டிகன்னு தேடுவீங்க, ஏன்னா அந்தப் பேரெல்லாம் ஏற்கனவே காதுல விழுந்திருக்கு. கேள்வியே படாத இடத்தை எப்படித் தேடுவீங்க? ரோம்ல இருந்து சாதாரண ரயில்ல ஏறினா சுமார் அரை மணி நேரத்துல ஓஸ்டியா ஆன்டிகான்னு ஒரு இடம் இருக்கு, பழைய ரோமானியத் துறைமுக ஊர், தெரு, கடை, மாடி வீடு, நாடக அரங்கம், குளியல் கூடம்னு ஒரு முழு ஊரே இடிபாடா நிக்குது, தரையில பதிச்ச சின்னச் சின்னக் கல் ஓவியத்துல கப்பலும் மீனும் இன்னும் தெரியுது. எரிமலைச் சாம்பல்ல புதைஞ்ச பாம்பேய் ஊர் வரைக்கும் போக நேரமில்லாதவங்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ரோம் கைடுபுக்கைச் சும்மா புரட்டினாலே இது கண்ணுல படும், நீங்களா தேடிக் கண்டுபிடிக்கணும்னா யாராவது சொல்லியிருந்தாத்தான் உண்டு.

இன்னொண்ணு, ரிவ்யூவைப் பாருங்க, எல்லா இடத்துக்கும் நாலரை நட்சத்திரம். அதை எழுதினவர் அன்னைக்கு அந்த ஒரு இடத்தைப் பாத்திருக்கார், புடிச்சிருக்கு, எழுதிட்டார், அவர் மேல தப்பில்ல. ஆனா நமக்கு வேணும்கிறது அது இல்லையே. அந்த ஊர்ல இருக்குற அத்தனை மியூசியத்துக்கும் போய்ட்டு வந்த ஒருத்தர், உங்களுக்கு ஒரு நாள்தான் இருக்குன்னா இதைப் பாருங்க, அதை விட்டுடுங்கன்னு சொல்லணும். எதை விடலாம்னு தைரியமா சொல்றதுக்குத்தான் நாம கைடுபுக்குக்குக் காசு குடுக்கிறோம். உங்க பொண்ணுகிட்ட இதைச் சொல்லுங்க, கூடவே ரெண்டு பேரும் உக்காந்து படிங்க.

கேள்வி: கடையில போய் நின்னா ஒரே நாட்டுக்கு ஏழெட்டு புக் இருக்கு. எந்தக் கம்பெனி பெஸ்ட்?

பதில்: பெஸ்ட்னு ஒண்ணு இல்ல, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம் இருக்கு. லோன்லி பிளானட் 1973ல டோனி வீலர், மொரீன் வீலர்னு ஒரு தம்பதி ஆரம்பிச்சது, ஐரோப்பால இருந்து ஆசியா வழியா குறைஞ்ச செலவுல தரைமார்க்கமா போன பயணத்துல இருந்து பொறந்தது, அதனால பஸ் எங்க புடிக்கணும், எல்லையை எங்க தாண்டணும்ங்கிற மாதிரி நடைமுறை விஷயம் இன்னைக்கும் அதுல பலமா இருக்கும். ரஃப் கைட்ஸ் 1982ல கிரீஸுக்குப் போட்ட புக்ல ஆரம்பிச்சது, வரலாறு, அரசியல், இசை இதெல்லாம் கொஞ்சம் ஆழமா வரும், படிக்க உக்காந்தா நேரம் போறதே தெரியாது. டிகே ஐவிட்னெஸ் படம்தான், ஒரு சர்ச்சையோ கோட்டையையோ பாதியா வெட்டித் திறந்த மாதிரி வரைஞ்சு உள்ள எது எங்க இருக்குன்னு காட்டுவாங்க, படிக்கிறதைவிட பாக்குறது புடிக்கும்னா அது. அமெரிக்கப் பயண எழுத்தாளர் ரிக் ஸ்டீவ்ஸோட புக் ஐரோப்பாவுக்கு மட்டும்தான், எல்லா ஊரையும் போட மாட்டார், தான் போகச் சொல்ற ஊரை மட்டும் எடுத்துக்கிட்டு இந்தக் கதவு வழியா உள்ள போங்க, இடது பக்கம் திரும்புங்கன்னு கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவார். பிராட் கைடு 1974ல இருந்து வருது, மத்தவங்க தொடாத நாடுகளுக்கு அதைத்தான் பாக்கணும். மிச்செலின் பச்சை அட்டை கைடுல இடங்களுக்கு நட்சத்திரம் போட்டிருக்கும், மூணுன்னா அதுக்காகவே பயணம் போகலாம், ரெண்டுன்னா சுத்திக்கிட்டுப் போயாவது பாக்கலாம், ஒண்ணுன்னா சுவாரசியமான இடம்.

ஆனா கம்பெனி பேரை மட்டும் பாத்து வாங்காதீங்க. ஒரே கம்பெனியில ஜப்பான் புக்கை எழுதினவங்க வேற, பெரு புக்கை எழுதினவங்க வேற, ஒண்ணு அருமையா இருக்கும், இன்னொண்ணு சுமாரா இருக்கும். அதனால நான் சொல்ற வழி இது. கடையிலயோ லைப்ரரியிலயோ ஏதாவது மூணு புக்கைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுக்கோங்க, ஒரே கேள்வியை மூணுகிட்டயும் கேளுங்க. ராத்திரி பதினோரு மணிக்கு ஏர்போர்ட்ல இறங்குறேன், ஊருக்குள்ள எப்படிப் போறது? ஒரு புக் ரயில், பஸ், டாக்ஸி இருக்குன்னு மட்டும் சொல்லும். இன்னொண்ணு கடைசி ரயில் எப்போ, அதை விட்டா ராத்திரி பஸ் எங்க நிக்கும், டாக்ஸின்னா வரிசை எந்த வாசல்ல, உள்ளேயே வந்து கூப்பிடுற ஆளுங்க பின்னாடி போகாதீங்கன்னு சொல்லும். ரெண்டாவது புக்கை எழுதினவர் அந்த ஏர்போர்ட்ல உண்மையாவே நின்னிருக்கார். அது அந்த வரியிலயே தெரிஞ்சிடும்.

அதே மாதிரி நீங்க ஏற்கனவே போய்ப் பாத்த ஒரு இடம் அந்த புக்ல இருந்தா முதல்ல அந்தப் பக்கத்தைப் படிங்க. உங்களுக்குத் தெரிஞ்சது சரியா இருக்கா, நீங்க கவனிக்காத எதையாவது சொல்றாரான்னு பாருங்க. அழகான நகரம், மறக்க முடியாத அனுபவம், பழமையும் புதுமையும் கலந்த ஊருன்னே பக்கம் பக்கமா ஓடுதுன்னா மூடி வெச்சிடுங்க, அந்த வரியை எந்த ஊருக்கு வேணாலும் போடலாம்.

மேப்பையும் விடாம பாருங்க. தெருப் பேர் படிக்கிற அளவுக்குப் பெரிசா இருக்கா, மேப்ல இருக்குற நம்பரும் உள்ள எழுதியிருக்குற இடமும் சேருதா, அளவுகோல் போட்டிருக்கா. மேப்ல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கேன்னு கிளம்பிட்டு ஒரு மணி நேரம் நடக்குறவங்க நிறைய பேர், அவங்க பாக்காம விட்டது அந்த அளவுகோலைத்தான்.

கேள்வி: தெரிஞ்சவங்க ஒருத்தர் தன்னோட பழைய ஜப்பான் கைடுபுக்கை சும்மாவே தர்றேங்கிறார். 2018 எடிஷன். வாங்கிக்கலாமா?

பதில்: வாங்கிக்கோங்க, நன்றி சொல்லுங்க, ஆனா அதை மட்டும் நம்பிக் கிளம்பிடாதீங்க.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், அட்டையில போட்டிருக்கிற வருஷம் அந்தத் தகவலோட வயசு இல்ல. எழுதுறவர் ஊர் ஊரா போய்ப் பாத்து, எழுதி, எடிட் ஆகி, மேப் வரைஞ்சு, அச்சாகி, கடைக்கு வர்றதுக்குள்ள பெரும்பாலும் ஒரு வருஷமாவது ஓடியிருக்கும். தலைப்புப் பக்கத்துக்குப் பின்னாடி பொடி எழுத்துல காப்பிரைட் பக்கம் இருக்கும் பாருங்க, எத்தனாவது எடிஷன், எந்த மாசம் எந்த வருஷம்னு அங்கதான் உண்மை இருக்கும். அதுல புது எடிஷனா, இல்ல பழசையே மறுபடி அச்சடிச்சதான்னும் பாருங்க, மறு அச்சுன்னா உள்ள எதுவும் மாறியிருக்காது.

இப்ப உங்க ஜப்பான் விஷயத்துக்கு வர்றேன். அந்த புக்ல ஜேஆர் ரயில் பாஸ் (குறிப்பிட்ட நாளுக்கு ஜப்பான் ரயில்கள்ல எத்தனை தடவை வேணாலும் போக விடுற டிக்கெட்) வாங்குங்க, டோக்கியோ கியோட்டோ போய்ட்டு வந்தாலே காசு கிட்டத்தட்ட தேறிடும்ங்கிற மாதிரி போட்டிருக்கலாம். அன்னைக்கு அது சரிதான். ஏழு நாள் சாதாரண பாஸ் அப்ப 29,000 யென் சொச்சம்தான், 2023 அக்டோபர்ல அதை 50,000 யென் ஆக்கிட்டாங்க. டோக்கியோ கியோட்டோ புல்லட் ரயில்ல போய்ட்டு வர சுமார் 28,000 யென்தான் ஆகும். அப்ப பழைய புக்கோட பேச்சைக் கேட்டு பாஸ் வாங்கினா உங்களுக்கு 20,000 யென்னுக்கு மேல நஷ்டம். விலை மட்டும் பழசாகல பாத்தீங்களா, அந்த விலையை நம்பிச் சொன்ன யோசனையே தலைகீழா மாறிடுச்சு. பழைய புக்ல பயப்பட வேண்டியது இதுக்குத்தான், ஏன்னா விலை மாறியிருக்கும்னு எல்லாருக்கும் தெரியும், யோசனை மாறியிருக்கும்னு தோணாது.

எல்லா நாட்டுலயும் இந்தக் கதை உண்டு. கம்போடியால அங்கோர் கோவில்களுக்கு ஒரு நாள் டிக்கெட் 20 டாலர்ல இருந்து 37 டாலர் ஆனது 2017ல. குரோஷியா 2023 ஜனவரில குனாவை விட்டுட்டு யூரோவுக்கு மாறிடுச்சு, பழைய புக் பூரா குனா கணக்கா இருக்கும். இஸ்தான்புல்ல 2019 ஏப்ரல்ல பயணிகள் விமானம் எல்லாம் புது ஏர்போர்ட்டுக்குப் போயாச்சு, பழைய அட்டாதுர்க் ஏர்போர்ட்ல இருந்து ஊருக்குள்ள வர வழி சொல்ற பக்கத்தை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. பாரிஸ் நோத்ருதாம் சர்ச் 2019 தீ விபத்துக்கப்புறம் மூடியிருந்து 2024 டிசம்பர்லதான் திறந்துச்சு, நடுவுல வந்த புக்கெல்லாம் உள்ள போக முடியாதுன்னுதான் சொல்லும்.

ஆனா பழசாகாததும் நிறைய இருக்கு. வரலாறு, ஒரு கோவிலை எந்த வரிசையில சுத்திப் பாக்கணும், சிற்பத்துல இருக்குறது யார், எந்தத் தெருவுல நடந்தா பழைய ஊர் தெரியும், எந்தக் குன்று மேல நின்னா முழு ஊரும் தெரியும், இதெல்லாம் இருபது வருஷம் ஆனாலும் கெடாது. அதனால பழைய புக் வீட்டுல உக்காந்து படிக்க. விலை, நேரம், ரயில், பஸ், டிக்கெட் எப்படி வாங்கணும், இதெல்லாம் அந்தந்த இடத்தோட அதிகாரப்பூர்வ சைட்ல, கிளம்புற வாரம் மறுபடி ஒரு தடவை பாத்துடுங்க.

கேள்வி: விசா, தடுப்பூசி விவரமெல்லாம் கைடுபுக்லயே இருக்கே, அதுவே போதுமா?

பதில்: போதாது. அந்த நாட்டுத் தூதரகத்தோட சைட் மட்டும்தான். ஒரு உதாரணம் சொல்றேன், மஞ்சள் காய்ச்சல் ஊசி சர்டிபிகேட் பத்து வருஷத்துக்குத்தான் செல்லும்னு பழைய புக்கெல்லாம் சொல்லும், 2016 ஜூலைல இருந்து அது ஆயுள் முழுக்கச் செல்லும்னு உலக சுகாதார நிறுவனத்தோட விதியே மாறிடுச்சு. பாஸ்போர்ட் இன்னும் எத்தனை மாசம் செல்லணும்ங்கிறதும் நாட்டுக்கு நாடு வேற, நிறைய நாட்டுல ஆறு மாசம் கேப்பாங்க, ஷெங்கன் நாடுகள்ல, அதாவது ஒரே விசாவுல போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்ல, நீங்க அங்கேருந்து கிளம்பி வர்ற தேதிக்கு அப்புறம் மூணு மாசம். இதுல புக்கோட ஞாபகத்தை நம்பக் கூடாது.

கேள்வி: பத்து நாள்ல மூணு நாடு போறோம். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி புக் வாங்கணுமா, இல்ல மொத்தத்துக்கும் ஒரே புக் போதுமா?

பதில்: தங்கப் போற ஊர் கணக்கை வெச்சு முடிவு பண்ணுங்க, நாட்டுக் கணக்கை வெச்சு வேண்டாம். ஐரோப்பா, தென்கிழக்கு ஆசியான்னு மொத்தமா வர்ற புக்ல ஒரு பெரிய நகரத்துக்கே கொஞ்சப் பக்கம்தான் கிடைக்கும், எங்க போகலாம்னு யோசிக்கிற கட்டத்துல அது நல்லா உதவும், அங்க போய் இறங்கினதுக்கப்புறம் உதவாது. மூணு நாள் ஒரே ஊர்ல இருக்கீங்கன்னா அந்த ஊருக்கு மட்டும் இருக்குற சின்ன புக் வாங்குங்க, பாக்கெட் சைஸ்ல வருது, மேப் நல்லா இருக்கும். ஒரு நாள் மட்டும் தங்குற ஊருக்கு புக்கே வேண்டாம்.

கேட்காததையும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பத்து நாள்ல மூணு நாடுன்னா ஊர் மாத்துற நாள் ஒவ்வொண்ணுலயும் பாதி நாள் போயிடும். புக்கை எடுத்து அந்த மூணு நாட்டுல எதைப் பத்திப் படிக்கும்போது உங்களுக்கு நிஜமாவே ஆசை வருதுன்னு பாருங்க, ஒண்ணைக் கழிச்சா மீதி ரெண்டும் நல்லா அமையும்.

கேள்வி: புக்ல நூத்துக்கணக்குல இடம் போட்டிருக்கு. என் வீட்டுக்காரர் அத்தனையும் பாக்கணும்ங்கிறார். எனக்கு இப்பவே கால் வலிக்குது. எப்படி சமாளிக்கிறது?

பதில்: உங்க கால் சொல்றதுதான் சரி. அவரையும் கூட உக்கார வெச்சு இப்படிப் பண்ணுங்க.

ஒரு பென்சில் எடுத்துக்கோங்க. முதல் தடவை படிக்கும்போது எதையும் பிளான் பண்ணாதீங்க, கதை மாதிரி படிச்சுட்டே போங்க, இழுக்குற இடத்துக்கு மட்டும் ஓரத்துல ஒரு கோடு. ஆளுக்கு ஒரு விதமா கோடு போட்டா இன்னும் நல்லது. ரெண்டு நாள் விட்டு மறுபடி கோடு போட்டதை மட்டும் படிங்க. பாதி இடத்துக்கு ஏன் கோடு போட்டோம்னே தோணும், அதை அழிச்சிடுங்க. ரெண்டு பேரும் கோடு போட்டிருக்குற இடம் கண்டிப்பா உண்டு. ஒருத்தர் மட்டும் போட்டதுல ஆளுக்கு ரெண்டு மூணு வெச்சுக்கலாம், தேவைப்பட்டா அன்னைக்கு ஆளுக்கொரு பக்கம் போய்ட்டு சாயங்காலம் சேந்துக்கலாம், அதுல ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

அப்புறம் மேப்பை விரிச்சு மிச்சம் இருக்குற இடத்தையெல்லாம் அதுல குறிங்க. அப்பத்தான் எது எதுக்குப் பக்கத்துலன்னு புரியும். புக்ல அகர வரிசையிலயோ முக்கியத்துவ வரிசையிலயோ இருக்கும், அதே வரிசையில போனா ஊரோட ரெண்டு மூலைக்கும் மாத்தி மாத்தி ஓடிட்டு இருப்பீங்க. ஒரு நாளுக்கு ஒரு பகுதி, அவ்வளவுதான்.

கடைசியா லீவு நாள் பாருங்க, இதுலதான் நிறைய பேரோட டூர் வீணாகுது. பாரிஸையே எடுத்துக்கலாம். லூவர் மியூசியமும், அங்கேருந்து தோட்டத்து வழியா நடந்து போற தூரத்துல இருக்குற ஆரஞ்சரி மியூசியமும் ரெண்டுமே செவ்வாய்க்கிழமை லீவு. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற ஓர்சே மியூசியம் திங்கள்கிழமை லீவு. ஞாயித்துக்கிழமை ராத்திரி போய் இறங்கி ரெண்டு நாள்ல கிளம்புறவங்க பகுதி பகுதியா எவ்வளவு அழகா பிளான் போட்டிருந்தாலும் நாளை மாத்திப் போட்டா ரெண்டு நாளும் மூடின கதவு முன்னாடி நிக்கணும். திங்கள் லூவர், ஆரஞ்சரி, செவ்வாய் ஓர்சேன்னு போட்டா எல்லாத்தையும் பாத்துடலாம். அதே மூணு இடம், அதே ரெண்டு நாள். ரோம்ல வாட்டிகன் மியூசியம் மாசத்தோட கடைசி ஞாயிறு தவிர மத்த ஞாயிறு லீவு. இந்த விவரம் கைடுபுக்ல ஒவ்வொரு இடத்துக்குக் கீழயும் பொடி எழுத்துல இருக்கும், யாரும் படிக்கிறதில்ல.

முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டிய இடத்தையும் அந்தப் பொடி எழுத்துதான் சொல்லும். ஆம்ஸ்டர்டாம்ல ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு டிக்கெட் ஆன்லைன்ல மட்டும்தான், நேர்ல போய் வாங்க முடியாது. மிலான்ல டாவின்சியோட கடைசி விருந்து ஓவியத்தைப் பாக்க நேரம் குறிச்சு புக் பண்ணணும், உள்ள 15 நிமிஷம்தான் விடுவாங்க. ஸ்பெயின்ல அல்ஹாம்பிரா கோட்டைக்குள்ள இருக்குற நஸ்ரித் அரண்மனைக்கு டிக்கெட்லயே நேரம் போட்டிருக்கும், அந்த நேரத்தை விட்டா போச்சு. இந்த மாதிரி ஒரு நாளைக்கு ஒண்ணு மட்டும் வெச்சுக்கிட்டு அதைச் சுத்தி மத்ததை அமைங்க. சாயங்காலத்தைச் சும்மா விடுங்க, உங்க கால் கேக்குறது அதைத்தான்.

கேள்வி: அப்பா அம்மாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, குழந்தைக்கு ஆறு வயசு. எல்லாரையும் கூட்டிட்டுப் போறோம். எங்களுக்குன்னு தனி கைடுபுக் இருக்கா?

பதில்: குழந்தைகளோட போறவங்களுக்குன்னு சில புக் இருக்கு, ஆனா தனியா தேட வேண்டியதில்ல. நல்ல கைடுபுக்கா இருந்தா எத்தனை படி, லிஃப்ட் இருக்கா, உக்கார இடம் இருக்கா, டாய்லெட் எங்கன்னு சொல்லும். வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. ஃபிளாரன்ஸ் கதீட்ரலோட குவிமாடத்துக்கு 463 படி, லிஃப்ட் கிடையாது. மேல இருந்து அருமையான காட்சின்னு மட்டும் எழுதிட்டு 463ங்கிற நம்பரை விட்ட புக் உங்க அப்பாவுக்கு ஆகாது. மலேசியா பத்துமலையில 272 படி, ஏறுறது வேற, வெயில்ல ஏறுறது வேற, காலையில சீக்கிரம் போங்கன்னு சொல்ற புக் நல்ல புக். பைசா சாய்ந்த கோபுரத்துல எட்டு வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைங்களை மேல ஏத்த மாட்டாங்க, ஆறு வயசுப் பிள்ளையை வரிசையில நிக்க வெச்சு வாசல்ல போய் அதைத் தெரிஞ்சுக்கிட்டா அது அழுற அழுகையில அந்த நாளே போயிடும். பெரியவங்க இருக்காங்கன்னா புக்ல போட்டிருக்குற நடை நேரத்தை ரெண்டு மடங்கா எடுத்துக்கோங்க.

அப்பா அம்மாகிட்டயும் புக்கைக் குடுத்துப் படிக்கச் சொல்லுங்க, இல்லன்னா படிச்சுக் காட்டுங்க. கூட்டிட்டுப் போற இடத்துக்குப் பின்னாடியே வர்றதுதான் அவங்களுக்கு விதின்னு நாமளா முடிவு பண்ணிடுறோம், அவங்களுக்கும் பாக்கணும்னு ஒரு இடம் இருக்கும், கேட்டாத்தான் சொல்லுவாங்க.

கேள்வி: புக்ல சொல்ற ஹோட்டல், சாப்பாட்டுக் கடை எல்லாம் நம்பலாமா?

பதில்: இன்னைக்கு நான் கைடுபுக்ல கம்மியா படிக்கிற பகுதி அதுதான். புக்ல பேர் வந்த கடைக்குக் கூட்டம் கூடும், விலை ஏறும், சில சமயம் கைமாறிடும். ஆனா எந்த ஏரியால தங்கினா நல்லது, எது ராத்திரி சத்தமா இருக்கும், எங்கேருந்து ரயிலுக்கு நடந்து போகலாம்னு சொல்ற பக்கத்தை நல்லாப் படிங்க. ஏரியாவை புக் பாத்து முடிவு பண்ணுங்க, ரூமை புது ரிவ்யூ பாத்து புக் பண்ணுங்க.

கேள்வி: ஆன்லைன்ல ரொம்பக் கம்மி விலையில ஒரு கைடுபுக் பாத்தேன், ரிவ்யூ எல்லாம் அஞ்சு நட்சத்திரம், ஆனா எழுதினவர் யாருன்னே தெரியல. வாங்கலாமா?

பதில்: வாங்காதீங்க. நல்லவேளை கேட்டீங்க, இதைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும். ஆள் எழுதாம, ஏஐ கம்ப்யூட்டர் புரோகிராமை வெச்சு ஒரே நாள்ல எழுதித் தள்ளின கைடுபுக் ஆன்லைன் கடைகள்ல நிறைய வந்துடுச்சு, 2023லயே இதைப் பத்திப் பத்திரிகைகள்ல செய்தி வந்துச்சு. அட்டை அழகா இருக்கும், இந்த வருஷத்தைப் பெரிசா போட்டிருக்கும், உள்ள எழுதினவர் அந்த ஊர் மண்ணை மிதிச்சே இருக்க மாட்டார், சில சமயம் அப்படி ஒரு ஆளே இருக்க மாட்டார்.

கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல. எழுதினவர் பேரைத் தேடிப் பாருங்க, வேற எங்கயும் ஒரு கட்டுரைகூட எழுதியிருக்க மாட்டார், ஆனா ஒரே மாசத்துல பத்து நாட்டுக்கு கைடு போட்டிருப்பார். சாம்பிள் பக்கத்தைத் திறங்க, மேப் இருக்காது, இருந்தாலும் கறுப்பு வெள்ளையில ஒண்ணுமே தெரியாது. தெருப் பேர், பஸ் நம்பர் மாதிரி சரிபார்க்கக்கூடிய விஷயம் எதுவும் இருக்காது, உள்ளூர் மக்களோட பழகுங்க, பொருட்களைப் பத்திரமா வெச்சுக்கோங்கன்னு எந்த நாட்டுக்கும் பொருந்துற அறிவுரையா இருக்கும். ரிவ்யூ தேதிகளையும் பாருங்க, எல்லாம் நாலஞ்சு நாளைக்குள்ள வந்திருக்கும். மூணு நட்சத்திரம், ரெண்டு நட்சத்திரம் குடுத்தவங்க எழுதினதைத்தான் முதல்ல படிக்கணும், அவங்கதான் புக்கைத் திறந்து பாத்தவங்க. காசு போனாக்கூடப் பரவால்ல, தப்பான தகவலை நம்பி வேற நாட்டுல ராத்திரி நேரத்துல ஒரு குடும்பம் வழி தெரியாம நிக்கக் கூடாது, எனக்கு அதுதான் கவலை.

செலவு பண்ண வேண்டாம்னு நினைச்சா விக்கிவாயேஜ் இருக்கு, விக்கிபீடியா நடத்துற அதே அமைப்போடது, இலவசம், பயணிகளே சேந்து எழுதுறது. பெரிய ஊர்களுக்கு நல்லா இருக்கும், சின்ன ஊர்களுக்குச் சில சமயம் ரெண்டு வரிதான். அந்தக் கம்மி விலை புக்கைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: இ-புக்கா, அச்சு புக்கா?

பதில்: வீட்டுல படிக்க அச்சு, கையில கொண்டுபோக இ-புக். இ-புக்ல ஒரு பேரைத் தேடினா உடனே வரும், கனம் இல்ல, ஆனா பக்கத்தை முன்னையும் பின்னையும் புரட்டிப் பாக்குறது எரிச்சல், மேப் ரெண்டு பக்கமா பிரிஞ்சு கிடக்கும். அச்சு புக்தான் வேணும்னா அதையும் லேசாக்கலாம். புக்கை நடுவுல நல்லா விரிச்சு முதுகை மடக்கினா பசை விட்டுடும், போகப் போற ஊரோட பக்கங்களைக் கத்தியால மெதுவா கீறி எடுத்து, ஓரத்துல ரெண்டு ஸ்டேப்ளர் பின் அடிச்சு, வெளியில கெட்டியா ஒரு அட்டை ஒட்டிடுங்க. முன்னூறு நானூறு பக்கம் வீட்டுல இருக்கும், முப்பது நாப்பது பக்கம் உங்க பையில இருக்கும். புக்கைக் கிழிக்கிறதா, மனசு வரலையேன்னா, போன்ல பக்கத்தைப் போட்டோ புடிச்சுத் தனி ஆல்பத்துல போட்டு வெச்சுக்கோங்க. எப்படி இருந்தாலும் கிளம்புறதுக்கு முன்னாடி போற ஊரோட மேப்பை ஆஃப்லைன்ல டவுன்லோட் பண்ணிடுங்க. சீனா போறவங்க கவனம், அங்க கூகுள் வேலை செய்யாது, அதனால வேற மேப் ஆப்பை இங்கேயே ஏத்திக்கிட்டுப் போகணும்.

தங்குற ஹோட்டல் பேரும் விலாசமும் அந்த நாட்டு எழுத்துலயே ஒரு சீட்டுல எழுதி அந்த அட்டைக்குள்ள வெச்சிடுங்க. பேட்டரி தீர்ந்தாலும் டாக்ஸிக்காரர்கிட்ட அதை நீட்டினா போதும்.

கேள்வி: எல்லாத்தையும் முன்னாடியே படிச்சுட்டா அங்க போய்ப் பாக்கும்போது புதுசா இருக்காதே, த்ரில் போயிடாதா?

பதில்: எனக்கு அப்படித் தோணல. அங்கோர்வாட்ல வெளிச் சுத்து மண்டபத்துச் சுவர் நீளத்துக்குப் புடைப்புச் சிற்பம் ஓடுது. படிக்காம போனா நிறைய உருவம் இருக்கு, அழகா இருக்குன்னு பத்து நிமிஷத்துல வெளிய வந்துடுவோம். கிழக்குப் பக்கத்துல இருக்குறது பாற்கடலைக் கடையுற காட்சி, ஒரு பக்கம் அசுரர், ஒரு பக்கம் தேவர், நடுவுல விஷ்ணு, இழுபடுற பாம்பு வாசுகின்னு முந்தின நாள் படிச்சுட்டுப் போனா, நமக்குத் தெரிஞ்ச கதையை இன்னொரு நாட்டுச் சிற்பி எப்படிச் செதுக்கியிருக்கான்னு ஒவ்வொரு முகமா பாத்துட்டே நடப்போம். கடலுக்குள்ள மீனும் முதலையும் ரெண்டு துண்டா வெட்டுப்பட்டுக் கிடக்கிறது அப்பத்தான் கண்ணுல படும், ஏன்னா கடையுற வேகத்துல சிதறிப் போச்சுன்னு காட்டியிருக்கான்.

ஆனா நின்ன இடத்துல புக்கையே பாத்துட்டு நிக்காதீங்க. முந்தின நாள் ராத்திரி அடுத்த நாளுக்கான ரெண்டு மூணு பக்கத்தை மட்டும் படிங்க, ஒருத்தர் சத்தமா படிச்சா மத்தவங்க கேக்கலாம். அங்க போனதும் புக் பைக்குள்ள இருக்கட்டும், முதல்ல கண்ணால பாருங்க, சுத்தி முடிச்சு எங்கயாவது உக்காந்ததும் மறுபடி எடுத்து எதை விட்டோம்னு பாருங்க. விட்டது பக்கத்துலதான் இருக்கும், எழுந்து போய்ப் பாத்துட்டு வந்துடலாம்.